பைட்கோட் இன்டர்பிரட்டரை வேகமாக்குவது எப்படி: முதலில் வேலையைக் குறையுங்கள்

கொழும்பு செட்டியார் தெருவில் பவுண் விலை காலையில் மாறும். மாறினதும் கடையில் இருக்கிற ஒவ்வொரு நகைக்கும் விலையைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும்: எடை, செய்கூலி, சேதாரம், கல் பதித்திருந்தால் கல்லின் விலை. ஒரு கடையின் கணக்கு அடுத்த கடையில் செல்லாது. ஒருவர் சேதாரத்தை விழுக்காட்டில் போடுவார், இன்னொருவர் பவுணுக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார். அதனால்தான் நாங்கள் எழுதும் பில் மென்பொருளுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் மொழி இருக்கிறது. கடைக்காரரின் பிள்ளையே விதியைத் திறந்து திருத்தலாம். எழுதியதைக் கொம்பைல் செய்து பைட்கோட்டாக்கி (இன்டர்பிரட்டர் ஒவ்வொன்றாக வாசித்து நடத்தும் சின்னக் கட்டளைகள்), சீ மொழியில் எழுதிய இன்டர்பிரட்டர் ஒன்று ஓட்டும். அந்த இன்டர்பிரட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

இதே மாதிரியான வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் ஏற்கனவே சரியாக ஓடுகிற இன்டர்பிரட்டர் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு லூப், கட்டளையைப் பார்த்து உரிய கிளைக்கு அனுப்பும் ஒரு பெரிய சுவிட்ச், மதிப்புகளை ஏற்றி இறக்க ஒரு ஸ்டக், பெயர் தேட ஒரு ஹாஷ் டேபிள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஜிட் (ஓடும்போதே பைட்கோட்டை மெஷின் கோடாக்குவது) பற்றி இங்கே கதைக்கப் போவதில்லை. கடை மேசைகளில் இருப்பவை பழைய விண்டோஸ் மெஷின்கள். ஓடும்போதே மெஷின் கோட் எழுதி ஓட்டுகிற மென்பொருளை அன்டிவைரஸ் சந்தேகிக்கும். அதைவிட, ஜிட் ஒன்றை வருடக்கணக்காகப் பராமரிக்கச் சின்னக் குழுவுக்கு ஏலாது.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, சுவிட்சை எடுத்திட்டு கம்ப்யூட்டட் கோட்டூ போட்டா வேகம் கூடும்தானே?" கம்ப்யூட்டட் கோட்டூ என்றால் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலிருந்தும் நேராக அடுத்த கட்டளையின் கோட்டுக்குத் தாவுவது. வேகம் கூடும், கொஞ்சம். அதைக் கடைசியாகச் செய்யுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் செலவைக் குறைத்துக் கிடைப்பது சின்ன லாபம். ஓட வேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு கட்டளையும் நினைவகத்தைத் தொடுகிற தடவைகளையும் குறைத்தால் கிடைப்பது பெரிய லாபம். ஆகவே பெரியதிலிருந்து சின்னதுக்கு வருவோம்.

அளக்க முதல்

இன்டர்பிரட்டர் வேகத்தைச் சோதிக்க ஃபிபொனாச்சி எழுதுவது எல்லாருக்கும் பழக்கம். அது சார்பு அழைப்பையும் சின்னக் கழித்தலையும் மட்டும்தான் அளக்கும். உங்கள் பயனர்களின் ஸ்க்ரிப்ட் என்ன செய்கிறதோ அதை அளக்க வேண்டும். எங்களுக்கு அது முழு ஸ்டொக்கையும் விலை மாற்றும் லூப், பில் வரிகளை நிரப்பி அச்சுக்கு அனுப்பும் பகுதி, நாள் முடிவுக் கணக்கு. இந்த மூன்றையும் கடைத் தரவின் அளவிலேயே ஓட்டுகிறோம்.

லினக்ஸில் பெர்ஃப் என்ற அளக்கும் கருவிக்கு ஸ்டாட் கொடுத்தால் ஓடிய மெஷின் கட்டளைகள், சைக்கிள்கள், தவறாக ஊகிக்கப்பட்ட கிளைகள், கேஷ் (ப்ரொசெசரின் சின்ன வேக நினைவகம்) தவறல்கள் எல்லாம் வரும். அதோடு உங்கள் இன்டர்பிரட்டரின் சோதனைப் பதிப்பில் ஒரு எண்ணியையும் வையுங்கள், மொத்தம் எத்தனை பைட்கோட் கட்டளைகள் ஓடின என்று அது சொல்லட்டும். மெஷின் கட்டளைகளை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு பைட்கோட் கட்டளைக்கு எத்தனை மெஷின் கட்டளைகள் போகின்றன என்பதுதான் நான் தினமும் பார்க்கிற எண். நேரத்தை விட இது நிதானமாக நிற்கும், எந்த மாற்றம் வேலையைக் குறைத்தது என்பதை மறைக்காமல் காட்டும்.

நேரத்தை அளக்கிறபோது கொழும்பு வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஃபேன் மட்டும் சுழலுகிற அறையில் லப்டொப்பில் பெரிய சோதனை ஒன்றை ஓட்டினால் சூடேறி, ப்ரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய பதிப்பை முதலில் ஓட்டி, புதிய பதிப்பைப் பிறகு ஓட்டினால் புதியது மெதுவானது போலத் தெரியும். அதனால் இரண்டையும் மாறி மாறி ஓட்டுங்கள், ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த நேரத்தை எடுங்கள். டர்போவை நிறுத்திவிடுங்கள். மின் இணைப்பிலேயே அளவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது பற்றரியில் எடுத்த எந்த அளவையும் நான் ஒப்பீட்டுக்கு எடுப்பதில்லை, பற்றரியில் மெஷின் வேறு வேகத்தில் ஓடும்.

இன்னொன்று: ஒன்று இரண்டு விழுக்காடு வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். கோப்புகளை லிங்க் செய்கிற வரிசையும், சூழல் மாறிகளின் நீளமும்கூட ஒரு நிரலின் வேகத்தைக் கணிசமாக மாற்றும் என்று 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. கோட் நினைவகத்தில் எங்கே விழுந்தது என்பதே சின்ன வித்தியாசங்களைக் கொண்டுவந்துவிடும்.

ஒரு மதிப்பு எத்தனை பைட்

ஸ்க்ரிப்ட் மொழியில் ஒரு மாறிக்குள் எண்ணும் வரலாம், எழுத்துச்சரமும் வரலாம், பட்டியலும் வரலாம். ஆகவே ஒவ்வொரு மதிப்போடும் அதன் வகையையும் சேர்த்து வைக்க வேண்டும். எல்லாரும் முதலில் எழுதுவது ஒரு ஸ்ட்ரக்ட்: வகைக்கு ஒரு பைட், மதிப்புக்கு 8 பைட். ஒழுங்கமைப்புக்காகக் கொம்பைலர் அதை 16 பைட்டாக்கிவிடும். லூவா என்ற ஸ்க்ரிப்ட் மொழி இன்றும் இப்படித்தான் வைத்திருக்கிறது, அது ஒன்றும் மெதுவான மொழி இல்லை. ஆனால் ஒரு மதிப்பை நகர்த்த இரண்டு தடவை படித்து இரண்டு தடவை எழுத வேண்டும். பட்டியல்கள் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். கடை மெஷின்களின் சின்னக் கேஷில் அது தெரியும்.

8 பைட்டுக்குள் அடக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது நான்-பொக்ஸிங் (NaN boxing), அதாவது "எண் அல்ல" என்ற நிலைக்குள் மதிப்பை வைப்பது. ஐட்ரிபிள்ஈ 754 தரத்தில் 64 பிட் தசம எண் (ஃப்ளோட்டிங் பொயின்ட்) ஒன்று "எண் அல்ல" என்ற நிலையில் இருக்கும்போது அதன் 51 பிட்டுகளும் குறிப் பிட்டும் சும்மாதான் கிடக்கும். அதற்குள் 48 பிட் நினைவக முகவரியும் வகையும் தாராளமாக அடங்கும். ஜாவாஸ்க்ரிப்ட் மாதிரி எல்லா எண்ணும் தசம எண்ணாக இருக்கிற மொழிக்கு இது அருமையான வழி, ஏனென்றால் தசம எண்ணை அப்படியே எடுத்துக் கூட்டலாம்.

எங்களுக்கு அது பொருந்தாது. பணத்தைத் தசம எண்ணில் வைத்தால் சதம் பிசகும், நகைக்கடையில் பில் ஒரு சதம் பிசகினாலும் கேள்வி வரும். ஆகவே பணம் சதத்திலும் எடை மில்லிகிராமிலும் முழு எண்ணாகவே ஓடுகின்றன. நான்-பொக்ஸிங் செய்கிறவர்கள் முழு எண்ணுக்கு வழக்கமாகக் கொடுப்பது 32 பிட். அது போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குறியோடு கூடிய 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அவ்வளவு சதம் என்றால் ரூபா 2 கோடி 14 லட்சத்து 74 ஆயிரத்து 836, சதம் 47. நல்ல நாளில் கடை ஒன்றின் மொத்த விற்பனை அதைத் தாண்டிவிடும். இடையில் வருகிற எண்கள் இன்னும் பெரியவை. பவுண் 3 லட்சம் ரூபா என்று வைத்தால் 3 கோடி சதம். ஒரு பவுண் 8 கிராம், அதாவது 8000 மில்லிகிராம். பிசகு வராமலிருக்க முதலில் பெருக்கிப் பிறகுதான் வகுக்க வேண்டும். பெருக்கினால் 24,000 கோடி. 32 பிட்டில் அடங்குவது 214 கோடிதான்.

அதனால் நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி: கடைசி பிட்டில் வகை. கடைசி பிட் 0 என்றால் மீதி 63 பிட்டும் முழு எண். 1 என்றால் அது நினைவகத்தில் இருக்கிற பொருள் ஒன்றின் முகவரி. மெமரி அலொகேட்டர் தருகிற முகவரிகள் 8 அல்லது 16 இன் மடங்குகளாக இருப்பதால் கடைசி பிட் எப்போதும் காலி. கூகுளின் ஜாவாஸ்க்ரிப்ட் இன்ஜினான வி8 உம் சின்ன முழு எண்களை இப்படித்தான் வைத்திருக்கிறது. இதில் இருக்கிற வசதி கூட்டலில் தெரியும். இரண்டு எண்களும் ஏற்கனவே ஒரு பிட் இடப்பக்கம் தள்ளியே இருக்கின்றன. அவற்றை அப்படியே கூட்டினால் விடையும் சரியாக ஒரு பிட் தள்ளியே வரும், கழற்றவும் வேண்டாம், திரும்பப் பூட்டவும் வேண்டாம். இரண்டையும் ஓர் (OR) செய்து கடைசி பிட்டைப் பார்த்தால் இரண்டும் முழு எண்தானா என்பது ஒரே சோதனையில் முடியும். பெருக்கலுக்கு மட்டும் ஒன்றை முதலில் வலப்பக்கம் ஒரு பிட் தள்ள வேண்டும். பொருளின் முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 1 ஐக் கழிக்கத் தனிக் கட்டளை தேவையில்லை, படிக்கிற இடத்தின் தூரத்தில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தால் ப்ரொசெசரே பார்த்துக்கொள்ளும்.

எண் அளவு மீறுகிறதா என்று ஒவ்வொரு கூட்டலிலும் பார்க்கத்தான் வேண்டும். ஜிசிசி, க்ளாங் என்ற சீ கொம்பைலர்களில் அதற்கான பில்ட்-இன் சார்புகள் இருக்கின்றன. அவை கூட்டலுக்குப் பின்னால் ஒரே ஒரு தாவல் கட்டளையாகத்தான் மாறும். மீறினால் எங்கள் மொழி பிழை காட்டி நிற்கும். பணக் கணக்கில் சத்தமில்லாமல் தசம எண்ணுக்கு மாறுவதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன்.

பெயர் தேடுவதை நிறுத்துங்கள்

ஒரு புது இன்டர்பிரட்டரை பெர்ஃப் ரெக்கோர்ட் போட்டுப் பார்த்தால் மேலே நிற்பது பெரும்பாலும் ஹாஷ் டேபிள்தான். உள்ளூர் மாறிகளுக்குப் பெயரே தேவையில்லை. கொம்பைல் செய்யும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு இட எண் கொடுத்துவிடுங்கள். உலகளாவிய மாறிகளுக்கும் பட்டியல் ஒன்றில் இட எண் கொடுக்கலாம், இன்னும் அறிவிக்கப்படாதது என்பதற்கு ஒரு தனி மதிப்பை அந்த இடத்தில் வைத்தால் போதும்.

பொருளின் புலங்கள்தான் சிக்கலானவை. "நகை.எடை" என்று ஸ்க்ரிப்ட்டில் இருந்தால் நகைக்குள் எடை எங்கே இருக்கிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். இதற்கு ஷேப் என்கிற ஏற்பாடு வேண்டும். ஒரே புலங்களை ஒரே வரிசையில் பெற்ற பொருள்கள் எல்லாம் ஒரே ஷேப்பைச் சுட்டும், எந்தப் புலம் எத்தனையாவது இடத்தில் என்பது ஷேப்பில் எழுதியிருக்கும். பொருளுக்குள் மதிப்புகள் மட்டும் வரிசையாக இருக்கும்.

அதன் மேல் இன்லைன் கேஷ் கட்டுங்கள். "நகை.எடை" என்ற கட்டளைக்குப் பக்கத்திலேயே இரண்டு விஷயங்களை எழுதி வையுங்கள்: போன தடவை பார்த்த ஷேப், அதில் எடை இருந்த இடம். அடுத்த தடவை நகையின் ஷேப் அதேதானா என்று ஒப்பிடுங்கள். அதே என்றால் நேராக அந்த இடத்தைப் படியுங்கள். ஹாஷ் கணிக்க வேண்டாம், சரம் ஒப்பிட வேண்டாம், இரண்டு படிப்பும் ஒரு ஒப்பீடும் மட்டும். டொய்ச், ஷிஃப்மன் என்ற இருவர் 1984 இல் ஸ்மோல்டோக்-80 மொழிக்காக எழுதிய வழி இது. நாற்பது வருடம் தாண்டியும் இதற்கு ஈடான பலன் தருகிற வேறொன்றை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஸ்டொக் லூப்பில் இது சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது, உங்களிடமும் இருக்கும். கல் பதித்த நகைக்கு மட்டும் "கல்" என்ற புலம் சேர்கிறது. சேர்ந்ததும் அதன் ஷேப் வேறாகிவிடும். சங்கிலி, கல்மோதிரம், சங்கிலி, கல்மோதிரம் என்று மாறி மாறி வந்தால் ஒரே ஒரு ஷேப்பை நினைவில் வைத்திருக்கிற கேஷ் ஒவ்வொரு தடவையும் தவறும், கேஷ் இல்லாததை விட மோசமாகும். இரண்டு தீர்வுகள் உண்டு. ஒரு கட்டளைக்குப் பல ஷேப்களை நினைவில் வைக்கலாம், 1991 இல் செல்ஃப் மொழியில் ஹோல்ஸிலும் கூட்டாளிகளும் செய்தது அது. இல்லையென்றால் தரவுத்தளத்திலிருந்து நகையைப் படிக்கிற இடத்திலேயே எல்லாப் புலங்களையும் ஒரே ஒழுங்கில் உருவாக்கி, கல் இல்லாததற்கு வெறுமையை வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். இன்டர்பிரட்டரில் ஒரு வரிகூட மாறாது, எல்லா நகையும் ஒரே ஷேப்புக்குள் வந்துவிடும்.

கட்டளைகளைக் குறையுங்கள்

விலை மாற்றும் லூப்பின் நடுவில் இருக்கிற ஒரு வரியை எடுங்கள்:

மொத்தம் = மொத்தம் + எடை × விலை

ஸ்டக் வகை இன்டர்பிரட்டரில் இது இப்படி வரும்:

எடு மொத்தம்
எடு எடை
எடு விலை
பெருக்கு
கூட்டு
வை மொத்தம்

ரெஜிஸ்டர் வகையில், அதாவது ஸ்டக்கில் ஏற்றி இறக்காமல் எண் கொடுத்த இடங்களையே நேராகக் காட்டும் வகையில், இப்படி (த1 என்பது தற்காலிக இடம்):

பெருக்கு த1, எடை, விலை
கூட்டு மொத்தம், மொத்தம், த1

ஆறு தாவல்கள் இரண்டாகிவிட்டன. நினைவகத்தையும் எண்ணிப் பாருங்கள். முதலாவதில் மூன்று மாறிகளைப் படித்து ஸ்டக்கில் ஏற்றுகிறோம், பெருக்கல் இரண்டை இறக்கி ஒன்றை ஏற்றுகிறது, கூட்டலும் அப்படியே, கடைசியில் ஒன்றை இறக்கி மாறியில் எழுதுகிறோம். மொத்தம் எட்டுப் படிப்பு, ஆறு எழுத்து. இரண்டாவதில் நான்கு படிப்பு, இரண்டு எழுத்து. கொம்பைலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் சுவிட்சின் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு ஸ்டக்கின் தலையை ப்ரொசெசர் ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு போகாது, நீங்கள் கையால் எழுதினால் ஒழிய.

லூவா 5.0 பதிப்பில், 2003 இல், ஸ்டக்கை விட்டு ரெஜிஸ்டருக்கு மாறியது. ஜாவா பைட்கோட்டை இரண்டு வகையிலும் ஓட்டி ஒப்பிட்ட 2005 ஆம் ஆண்டு ஆய்வில் யுன்ஹே ஷி, டேவிட் கிரெக் முதலானோர், ரெஜிஸ்டர் வகையில் ஓடும் கட்டளைகள் சுமார் 47 விழுக்காடு குறைவதாகவும், பைட்கோட்டின் பருமன் சுமார் 25 விழுக்காடு கூடுவதாகவும் கண்டார்கள். பருமன் கூடுவது ஒரு பொருட்டே இல்லை. ஒரு கடையின் விதி முழுவதும் சில கிலோபைட்தான்.

ரெஜிஸ்டர் என்றதும் பெரிய கொம்பைலர்களில் வருகிற ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு உள்ளூர் மாறிக்கும் நிலையான ஒரு ரெஜிஸ்டர். இடைக்கால மதிப்புகளுக்கு அதற்கு மேலே இருக்கிற ரெஜிஸ்டர்கள், ஸ்டக் மாதிரியே ஏறி இறங்கும். ஒரே ஓட்டத்தில் பாகுபடுத்திக்கொண்டே கோட் எழுதிவிடலாம். கட்டளையை 32 பிட்டாக வையுங்கள். லூவா 5.4 இல் 7 பிட் கட்டளைக்கு, 8 பிட் வீதம் ரெஜிஸ்டர்களுக்கு. ஒரு தடவை படித்து, தள்ளிப் பிரித்தால் போதும்.

சார்பு அழைப்புக்கும் இது உதவும். அழைக்கிறவர் மாறிகளை அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களில் வைத்தால், அழைக்கப்படுகிற சார்பின் முதல் ரெஜிஸ்டர்களாக அதே இடங்களையே காட்டிவிடலாம், ஒன்றையும் நகலெடுக்க வேண்டாம். ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக நினைவகம் ஒதுக்குவதையும், இன்டர்பிரட்டரின் பிரதான லூப் தன்னையே திரும்ப அழைப்பதையும் நிறுத்திவிடுங்கள். பைத்தன் மொழியின் பிரதான இன்டர்பிரட்டரான சிபைத்தனின் 3.11 பதிப்பில் வந்த முன்னேற்றங்களில் இதுவும் ஒன்று.

முழுக்க மாற்ற நேரமில்லாதவர்கள் ஸ்டக்கை வைத்துக்கொண்டே கூட்டுக் கட்டளைகள் சேர்க்கலாம். உண்மையான ஸ்க்ரிப்ட்டுகளை ஓட்டி, எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை அதிகமாக ஓடுகிறது என்று அட்டவணை போடுங்கள். கோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறது என்பதை எண்ணாதீர்கள், ஓடிய தடவைகளை எண்ணுங்கள். எந்த மொழியிலும் மேலே வருகிறவை ஏறத்தாழ இவைதான்: ஒப்பிட்டுத் தாவுவது, மாறிலி ஒன்றைக் கூட்டுவது, லூப்பின் எண்ணியை ஏற்றி எல்லை பார்த்துத் திரும்பத் தாவுவது. லூவாவில் கடைசியாகச் சொன்ன லூப் வேலை, ஏற்றுவது, எல்லை பார்ப்பது, தாவுவது மூன்றும், ஒரே கட்டளை.

இரண்டு கட்டளைகளை ஒன்றாக்கும்போது இரண்டாவதுக்கு வேறெங்கிருந்தாவது தாவல் வருகிறதா என்று வடிவாகப் பாருங்கள். வந்தால் ஒன்றாக்கக்கூடாது. பிழைச் செய்தியின் வரி எண்ணையும் மறக்க வேண்டாம். பிழை வரக்கூடிய கட்டளையின் வரியைத்தான் கூட்டுக் கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரரின் பிள்ளை 12 ஆம் வரியில் விட்ட பிழைக்கு 11 ஆம் வரியைக் காட்டினால், எங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

ஓடும்போதே சிறப்பாக்குதல்

"கூட்டு" என்ற கட்டளைக்கு எத்தனை வேலை? முழு எண்ணா, தசமமா, சரங்களை ஒட்டவா, பயனர் வரையறுத்த கூட்டலா என்று பார்த்துக்கொண்டே போகும். ஆனால் மேலே காட்டிய வரியில் வருவது எப்போதும் முழு எண்தான். ஆகவே அந்த இடத்தில் சில தடவைகள் முழு எண்ணே வந்தால் பைட்கோட்டிலேயே அந்தக் கட்டளையை "முழுஎண்-கூட்டு" என்று மாற்றி எழுதிவிடலாம். அது ஒரு சோதனை போட்டு, சரியென்றால் கூட்டிவிட்டுப் போகும். சோதனை தவறினால் பழைய கட்டளைக்கே திரும்பும். திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருக்காமல் தடுக்க ஒரு எண்ணி வையுங்கள். தவறிய பிறகு சில காலம் பொதுவான வடிவிலேயே ஓடட்டும்.

சிபைத்தனில் மார்க் ஷனன் எழுதிய பெப் 659 என்ற மாற்ற முன்மொழிவு இந்த வழிதான். 2022 ஒக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, 3.10 ஐ விடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று அறிவித்தார்கள். ஜிட் எதுவும் இல்லாமல் கிடைத்தது அது. அந்தப் பெரிய மொழியில், இத்தனை வருடம் செதுக்கிய இன்டர்பிரட்டரில் அவ்வளவு மிச்சம் இருந்தது என்றால் உங்களிடம் நிச்சயம் இருக்கும். ஒரே பைட்கோட்டைப் பல த்ரெட்கள் பகிர்ந்தால் மட்டும் கவனம் வேண்டும். ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் மாற்றி எழுதக்கூடாது. நாங்கள் த்ரெட் ஒவ்வொன்றுக்கும் பைட்கோட்டின் தனி நகலைக் கொடுக்கிறோம், சில கிலோபைட்தானே.

தமிழ் சரங்கள்

இதை வேறு மொழி வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள். சரங்களை யூடிஎஃப்-8 இல் வைக்கிறவர்கள், எல்லாம் ஆங்கில எழுத்து என்றால் குறுக்கு வழியில் போக ஒரு பிட் வைத்திருப்பார்கள். எங்கள் பில்லில் தமிழும் சிங்களமும் வருவதால் அந்தக் குறுக்கு வழி ஒருநாளும் திறக்காது. "சங்கிலி" என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 இல் 21 பைட். பில்லின் கொலம்களை ஒழுங்காக்க ஸ்க்ரிப்ட் ஒரு லூப்புக்குள் நீளம் கேட்டு, இடைவெளி ஒட்டி, மறுபடி நீளம் கேட்டால், ஒவ்வொரு தடவையும் சரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கையைச் சரத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு தடவை கணித்து எழுதி வையுங்கள். சரங்கள் மாறாதவை என்றால் அது பழுதாகாது. இடைவெளி நிரப்ப மொழிக்குள்ளேயே ஒரு சார்பைக் கொடுங்கள், பயனர் லூப் எழுத வேண்டிய தேவை போய்விடும். புலப்பெயர் மாதிரியான குறுஞ்சரங்களை ஒரே ஒரு பிரதியாக வைத்தால் ஒப்பீடு என்பது முகவரி ஒப்பீடாகிவிடும். லூவாவில் 40 பைட் வரையிலான சரங்கள் அப்படி இருக்கின்றன. தமிழுக்கு 40 பைட் என்றால் 13 குறியீடுதான், ஆகவே நாங்கள் எல்லையை மேலே உயர்த்தியிருக்கிறோம்.

இப்போது சுவிட்ச்

இதற்கு முதல், சுவிட்சுக்குள் இருக்கிற கோட்டைப் பாருங்கள். கட்டளைச் சுட்டியை (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) இன்டர்பிரட்டரின் நிலையை வைத்திருக்கும் விஎம் ஸ்ட்ரக்டுக்குள் வைத்திருந்தால் உடனே வெளியே எடுத்து உள்ளூர் மாறியாக்குங்கள். ஸ்ட்ரக்டுக்குள் இருந்தால், நீங்கள் ஒரு ரெஜிஸ்டரில் எழுதுகிறபோதெல்லாம் அந்த எழுத்து சுட்டியையும் மாற்றியிருக்கலாம் என்று சீ கொம்பைலர் நினைத்து, ஒவ்வொரு கட்டளையிலும் நினைவகத்திலிருந்து திரும்பப் படிக்கும். உள்ளூர் மாறி என்றால் ப்ரொசெசர் ரெஜிஸ்டரிலேயே இருக்கும். பிழை வரக்கூடிய இடங்களிலும் குப்பை சேகரிப்பான் (தேவையற்ற பொருள்களின் நினைவகத்தை மீட்பது) ஓடக்கூடிய இடங்களிலும் மட்டும் ஸ்ட்ரக்டுக்குள் எழுதுங்கள். பிழைச் செய்தி தயாரிக்கிற கோட், தசம எண் கூட்டல், சரம் ஒட்டல் போன்ற நீளமான வழிகளை இன்லைன் ஆகாத தனிச் சார்புகளுக்கு அனுப்புங்கள். அவை பிரதான சார்புக்குள் இருந்தால் ரெஜிஸ்டர்களுக்குப் போட்டி வந்து, எல்லாக் கட்டளைகளும் மெதுவாகும். பெர்ஃப் அனொடேட்டில் "முழுஎண்-கூட்டு" எப்படி வந்திருக்கிறது என்று அசெம்ப்ளியை வரி வரியாக வாசித்துப் பாருங்கள். அங்கே ஸ்டக்குக்குப் போய்வருகிற வீண் நகர்வு எதுவும் இருக்கக்கூடாது.

அதன்பிறகு கம்ப்யூட்டட் கோட்டூ. சுவிட்சில் எல்லாக் கட்டளைகளும் ஒரே ஒரு மறைமுகத் தாவல் வழியாகப் போகும், அதை ஊகிப்பது பழைய ப்ரொசெசர்களுக்குக் கஷ்டம். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் தனித் தாவல் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு கிடைக்கும். சிபைத்தன் மூலக்கோட்டில் இதனால் 15 முதல் 20 விழுக்காடு வரை வேகம் கிடைத்ததாக ஒரு குறிப்பு வெகுகாலம் இருந்தது. ஆனால் ரொஹூ, ஸ்வாமி, செஸ்னெக் ஆகியோர் 2015 இல் அளந்து பார்த்தபோது, இன்டெலின் ஹஸ்வெல் தலைமுறையில் சுவிட்சின் தாவலையே ப்ரொசெசர் மிக நன்றாக ஊகிப்பதைக் கண்டார்கள். ஹஸ்வெல் வந்தது 2013 இல். உங்கள் பயனர்களின் மெஷின்கள் அதற்கு முந்தியவையா பிந்தியவையா என்று பார்த்து முடிவெடுங்கள். மைக்ரோசொஃப்ட் கொம்பைலரில் இந்த வசதி இல்லை. நாங்கள் விண்டோஸுக்கும் க்ளாங்கிலேயே கட்டுவது இதனால்தான். ஜிசிசி பாவித்தால் எஃப்-நோ-ஜிசிஎஸ்ஈ (-fno-gcse) தெரிவையும் போட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டட் கோட்டூ உள்ள கோட்டுக்கு அது நல்லது என்று ஜிசிசியின் கையேடே சொல்கிறது.

புதிய வழி ஒவ்வொரு கட்டளையையும் தனிச் சார்பாக எழுதி, டெயில் கோல் (திரும்பி வராமல் அடுத்த சார்புக்கே தாவிவிடும் அழைப்பு) மூலம் அடுத்ததற்குப் போவது. சிபைத்தன் 3.14 இல் இது தெரிவாக வந்தது. ஆரம்பத்தில் 9 முதல் 15 விழுக்காடு என்று அறிவித்தார்கள். பிறகு பார்த்தால், ஒப்பிடப் பயன்படுத்திய எல்எல்விஎம் 19 இல் (க்ளாங்கின் அடிப்படை அது) ஒரு குறை இருந்து, கம்ப்யூட்டட் கோட்டூ பதிப்பை அது மெதுவாக்கியிருக்கிறது. அதைக் கழித்ததும் 3 முதல் 5 விழுக்காடுதான். ஆகவே நீங்கள் ஒப்பிடும்போது பழைய பதிப்பை இரண்டு கொம்பைலர்களிலாவது கட்டிப் பாருங்கள்.

ப்ரொஃபைல் வைத்துக் கட்டுவதையும் (ஒரு தடவை ஓட்டி, எது அதிகம் ஓடியது என்ற பதிவைக் கொம்பைலருக்குக் கொடுத்துத் திரும்பக் கட்டுவது) செய்யுங்கள், உழைப்பே இல்லை. பயிற்சிக்கு ஓட்டுவது மேலே சொன்ன உண்மையான வேலைகளாக இருக்கட்டும்.

விடை மாறவில்லை என்று உறுதிசெய்தல்

ஒவ்வொரு சிறப்புக் கட்டளைக்கும் ஒரு பொதுக் கட்டளை இருக்கிறது. சோதனைப் பதிப்பில் இரண்டையும் ஒரே உள்ளீட்டுக்கு ஓட்டி, விடை வேறானால் அங்கேயே நிற்கச் செய்யுங்கள். உள்ளீடுகளில் 0, 1, கழித்தல் 1, 2147483647, அதைவிட ஒன்று கூடியது, 63 பிட்டின் இரண்டு ஓரங்கள், ஒரு தசம எண், ஒரு சரம் எல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சோடியையும் இரண்டு ஒழுங்கிலும் கொடுங்கள், இடப்பக்கம் முழு எண்ணும் வலப்பக்கம் சரமும் வருகிற சோதனை விடுபடுவது அதிகம். சிறப்பாக்கிய பிறகு வகை மாறுகிற லூப் ஒன்றையும் சேருங்கள்: முதல் ஆயிரம் சுற்று முழு எண், பிறகு திடீரென்று தசமம். கடைசியாக, கடை ஒன்றின் பழைய ஸ்டொக் முழுவதையும் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் விலை போட்டு, இரண்டு கோப்புகளையும் சதம் வரை ஒப்பிடுங்கள். ஒரு வரி வேறாக இருந்தாலும் புதிய பதிப்பு கடைக்குப் போகக்கூடாது.